தேன் மதுவும் என் கை அரிப்பும்

வீட்டில் தேன் மது செய்கிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் குடிக்கலாம்?" என்பதைத்தான். ஆறு மாதம் என்றதும் முகம் சுருங்கிவிடுகிறது. ஒரு வருடம் விட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நான் சொல்வதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. 'முப்பதே நாளில் மீட்' (தேன் மதுவின் ஆங்கிலப் பெயர்) என்று ஆசை காட்டும் செய்முறைகள் மீது எனக்குத் தீராத எரிச்சல். போதை குறைந்த லேசான வகைக்கு அது சரி. ஆல்கஹால் 12 சதவீதத்துக்குப் போகும் மதுவை முப்பதாம் நாளில் குடித்தால் தொண்டை எரியும். தேன் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

செய்முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒன்றரை கிலோ தேனை எடுத்து, மொத்தம் 5 லிட்டர் வரும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்துக் கரைத்து, சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஒயின் ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். தேனில் தண்ணீர் 18 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கிறது, அந்த அடர்த்தியில் ஈஸ்ட் வளராது. அதனால்தான் தேன் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. தண்ணீரைக் கண்டதும் கதை மாறிவிடும். திரவத்தின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் தொடக்கத்தில் 1.090க்குப் பக்கத்தில் நிற்கும், 1.000க்கு இறங்கினால் ஆல்கஹால் ஏறக்குறைய 12 சதவீதம்.

சிலர் தேனைக் கொதிக்க வைக்கிறார்கள். பூவின் வாசனையை ஆவியாக விரட்டிவிட்டு வெறும் இனிப்பை வைத்துக்கொள்வதற்குத் தேன் எதற்கு, சீனி போதாதா? ஜாடியையும் குழாயையும் கிருமிநாசினியில் அலசி எடுத்தால் போதும். இன்னொரு கூட்டம், ஈஸ்ட்டுக்குச் சத்து என்று ஒரு பிடி உலர்திராட்சையைப் போடுகிறது. தேனில் நைட்ரஜன் மிகக் குறைவு, அந்தப் பசியைப் பத்து இருபது திராட்சை தீர்க்காது. பட்டினி கிடக்கும் ஈஸ்ட் அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும். அதற்கென்றே விற்கும் ஊட்டப் பொடியை முதல் சில நாட்களில் பிரித்துப் பிரித்துப் போடுவதுதான் வழி.

அந்தப் பொடியில்தான் நான் பாடம் படித்தேன். மூன்றாம் நாள் ஜாடியைத் திறந்து, பொடியை அப்படியே ஒரே கொட்டாகக் கொட்டினேன். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். நுரை கழுத்து வழியே ஏறி, மேசையில் வழிந்து, அளவுகளை எழுதி வைத்திருந்த நோட்டையும் நனைத்து, கடைசியில் என் செருப்புக்குள் இறங்கியது. கரைந்திருந்த கரியமில வாயு ஒவ்வொரு துகளையும் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் முதலில் மெதுவாகக் கலக்கி வாயுவை வெளியேற்றிவிட்டு, பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறேன். அந்த நோட்டில் இன்றும் தேன் வாசனை அடிக்கிறது.

அதைவிடப் பெரிய எதிரி என் கைதான். என்ன ஆயிற்று பார்ப்போம், ஒரு சொட்டு ருசிப்போம் என்று அரிக்கும். முதல் சில நாட்கள் காற்று படலாம், ஈஸ்ட்டுக்கு அது தேவை. நொதிக்கும் குமிழிகள் அடங்கிய பிறகு மூடியைத் திறக்கத் திறக்க, நனைந்த அட்டைப் பெட்டியின் சுவை வந்து சேரும். என் இரண்டாவது ஜாடியை நான் அப்படித்தான் கொன்றேன்.

அவசரம் சுவையோடு நிற்பதும் இல்லை. ஹைட்ரோமீட்டர் வாரக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டாமல் பாட்டிலில் அடைத்தால், மிச்சச் சர்க்கரை உள்ளேயே நொதித்து அழுத்தம் ஏறி, கண்ணாடியே வெடிக்கும். இதில் துணிச்சல் காட்டுபவர்களை எனக்குப் பிடிக்காது. (உங்கள் ஊர்ச் சட்டம் வீட்டில் மது செய்ய அனுமதிக்கிறதா என்பதை, தேன் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.)

மது என்ற சொல்லுக்கே தேன் என்று ஒரு பொருள் உண்டு. ஆங்கிலத்தின் மீட்டும் அதற்கு உறவுக்காரச் சொல்தான். எனக்குப் பிடித்தது தேறல். தெளிந்த கள்ளுக்கு நம் பழைய பெயர் அது. வண்டல் அடியில் படிந்து மேலே தெளிவதைப் பார்த்துப் பார்த்துத்தான் யாரோ அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

இப்போதைய ஜாடிக்கு இது நான்காவது மாதம். அதன் பின்னால் செய்தித்தாளை வைத்துப் பார்த்தேன். தலைப்பை வாசிக்க முடிகிறது, கீழே உள்ள செய்தி இன்னும் மங்கல்தான். அதுவும் தெரிகிற அன்றைக்கு, வண்டலைக் கலக்காமல் மேலே தெளிந்ததை வடிக்கும் சைஃபன் குழாயைக் கையில் எடுப்பேன்.