காட்டுக்குப் போவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

கடந்த சனிக்கிழமை நம் நோர்வேத் தமிழர் ஒன்றுகூடலில் ஒரு அண்ணா ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசிய காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நான் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டேன். "நம்முடைய ஆட்களுக்கும் இப்போது வெள்ளைக்காரரின் வியாதி பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். பழம் பொறுக்குகிறார்கள். நீலக் கையைப் படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள்" என்றார். மண்டபம் சிரித்தது. அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் "சிவப்பு வாளி" என்றதும் பல தலைகள் என் பக்கம் திரும்பின. அந்தப் படத்தைப் போட்டது நான்தான் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

அன்றிரவே எழுதியிருந்தால் கடுமையாக எழுதியிருப்பேன். கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுகிறேன்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இந்த நாட்டின் காடு நமக்கும் உரியது. அதில் நடப்பதற்கும் பழம் பறிப்பதற்கும் நாம் வேறொருவராக மாற வேண்டியதில்லை.

நான் உணர்ச்சிவசப்பட்டு இதைச் சொல்லவில்லை. சட்டம் அப்படி. 1957ஆம் ஆண்டு நோர்வேயில் திறந்தவெளி வாழ்வுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். காணி யாருடையதாக இருந்தாலும், பயிர் செய்யாத காட்டிலும் மலையிலும் எவரும் கால்நடையாகப் போகலாம். பழமும் காளானும் பறிக்கலாம். ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கலாம். உரிமையாளரின் கதவைத் தட்டிக் கேட்க வேண்டியதில்லை. இங்கே பிறந்தவருக்கு ஒரு விதி, பிறகு வந்தவருக்கு ஒரு விதி என்று அதில் கிடையாது. விசாக் காலத்திலும் சரி, குடியுரிமை கிடைத்த பிறகும் சரி, எத்தனையோ கதவுகளைத் தட்டித்தான் நாம் இங்கே வாழ்ந்திருக்கிறோம். தட்டாமலே திறந்திருந்த இடம் இந்தக் காடு. அதைப் போய் "வெள்ளைக்காரரின் வியாதி" என்று நம்மவர் ஒருவரே மேடையில் சொல்கிறார்.

சரி, பழம் பொறுக்குவது வெள்ளைக்காரரின் பழக்கம் என்று யார் சொன்னது? வன்னிக்காரர்கள் அந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருந்தீர்கள்? பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போகாத பிள்ளை இருந்ததா? பால் ஒட்டி உதடு திறக்க முடியாமல் வீட்டுக்கு வந்து ஏச்சு வாங்காதவர் யார்? யாழ்ப்பாணத்தில் விடியற்காலையில் பனம்பழம் பொறுக்கப் போன அம்மம்மாமாரை மறந்துவிட்டோமா? என் அம்மம்மா ஈச்சம்பழத்துக்காகக் காலில் முள் கிழிக்கக் கிழிக்க நடந்திருக்கிறார். அவருக்கு எந்த வியாதியும் இருக்கவில்லை. அங்கே செய்தால் ஊர் நினைவு, இங்கே செய்தால் வேடமா?

நான் போவது நோர்வேயின் பெரிய மலைகளுக்கு அல்ல. க்ரூருட் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, அடுக்குமாடிக் கட்டடங்களைக் கடந்தால் ஸ்டெய்ன்புருவான் என்ற சின்ன ஏரி. அங்கிருந்து லில்லோமார்க்கா காடு தொடங்குகிறது. ஒஸ்லோவைச் சுற்றியுள்ள இந்தக் காடுகளுக்குள் வீடு கட்டி விற்க முடியாதபடி 2009இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஒரு தலைநகரத்தின் நிலவிலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய முடிவு என்று விளங்கும். அந்த நிலத்தில் வீடு கட்டாமல் வைத்திருப்பது நானும் நீங்களும் நடப்பதற்காக.

புளூபெரிச் செடி முழங்காலுக்குக் கீழேதான் வளரும். குனிந்து, சீப்புப் பல் வைத்த பறிப்பானைச் செடிக்குள் விட்டு மெதுவாக மேலே இழுக்க வேண்டும். பழத்தோடு இலையும் வரும். வீட்டுக்கு வந்ததும் ஒரு பலகையைச் சாய்த்து அதில் ஈரத்துணி விரித்து, மேலிருந்து பழத்தைக் கொட்டினால் பழம் உருண்டு கீழே பாத்திரத்தில் விழும், இலை துணியில் ஒட்டிக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. அவர் எந்தக் காலத்திலும் என்னிடம் நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டதில்லை. நீ எந்தச் சரிவில் பறித்தாய் என்றுதான் கேட்டார். நானும் சொல்லவில்லை. நல்ல இடத்தை இங்கே யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதும் அவர் சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டுக் கோப்பி ஊற்றித் தந்தார். இத்தனை வருடங்களில் ஒரு நோர்வேக்காரர் தன் வீட்டுக்குள் என்னை முதன்முதலில் அழைத்தது அன்றுதான். மொழி வகுப்பில் கிடைக்காதது ஒரு வாளிப் பழத்தால் கிடைத்தது.

காளானைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நஞ்சைத் தின்று சாகப்போகிறார்கள்" என்று பக்கத்து மேசையில் ஒருவர் சேர்த்துச் சொன்னார். இலையுதிர் காலத்தில் காட்டு வாசல்களில் காளான் பரிசோதனை மேசை போடுவார்கள். படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் இருந்து நம் கூடையைப் பார்த்துத் தருவார்கள். காசு கிடையாது. போன வருடம் என் கூடையைப் பார்த்த அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். ஒவ்வொரு காளானையும் கவிழ்த்து அடிப்பக்கத்தை விரலால் தடவினார். கன்டரெல் என்ற தின்னக்கூடிய வகைக்கு அடியில் மடிப்புகள் தண்டு வரைக்கும் இறங்கியிருக்கும். அதோடு கலந்து முளைக்கிற ஸ்பிஸ் கிஃப்ட்ஸ்லுர்சொப் என்ற நச்சுக் காளானுக்கு அடியில் தனித்தனித் தகடுகள். தின்றால் உடனே எதுவும் தெரியாது. நாட்கள் கழித்துச் சிறுநீரகத்தை அழித்துவிடும். எனக்கு முன்னால் நின்ற ஒருவரின் கூடையில் அது ஒன்று அகப்பட்டது. அந்த அம்மா கூடையையே முழுவதும் கொட்டச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் மறுபேச்சுப் பேசாமல் கொட்டிவிட்டு நன்றி சொல்லிப் போனார். அறிவுள்ள ஒருவர் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, முன்பின் தெரியாதவர்களின் உயிரைக் காப்பதற்காகக் குளிரில் நிற்கிறார். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு விளங்கவில்லை.

"இதெல்லாம் காசுள்ளவர்களின் விளையாட்டு" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். புதுப் பனிச்சறுக்குக் கட்டை, சப்பாத்து, கோல் என்று ஒரு குடும்பத்துக்கே வாங்கினால் மாதச் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழும். மலைக் குடில் சொந்தமாக வைத்திருப்பதைப் பற்றி நான் பேசவே இல்லை. ஆனால் பூஆ என்ற இரவல் நிலையங்களில் பனிச்சறுக்குக் கட்டையும் கூடாரமும் இலவசமாகத் தருகிறார்கள் என்பதை நம் மேடைகளில் யாராவது ஒருமுறை அறிவித்திருக்கிறீர்களா? மேட்டிலுள்ள ஃப்ரொக்னர்செட்டர் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிச் சறுக்கு வண்டியில் கோர்கெட்ரெக்கரன் பாதையால் கீழே வந்து, அதே சுரங்க ரயிலில் மறுபடி மேலே போகலாம். சாதாரண டிக்கெட் போதும். பிள்ளைகள் கன்னம் சிவக்கச் சிவக்க இருட்டும் வரை அதையே செய்வார்கள். கடற்கரையில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பதற்கும் கட்டணம் இல்லை. ஆற்றுக்கும் ஏரிக்கும்தான் அனுமதிச் சீட்டு வேண்டும். வாளியின் விலை என்ன? மண்டப வாடகைக்கும் மேடை அலங்காரத்துக்கும் நாம் கொடுக்கிற பணத்தோடு ஒப்பிட்டுப் பேசினால் யாருக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் விடுகிறேன்.

பிள்ளைகளின் படிப்பும் தமிழும் கெடுகிறது என்பது அடுத்த குற்றச்சாட்டு. தமிழ்ப் பள்ளி சனிக்கிழமை. காடு ஞாயிற்றுக்கிழமை. அன்று கடைகளும் பூட்டு. என் மகள் ஆத்திசூடி சொல்லிக்கொண்டேதான் பாறைகளில் ஏறுகிறாள்.

குளிர், ஆபத்து, தொலைந்துபோவீர்கள் என்பவர்களுக்கு: மலைக்குப் போவதற்கான பாதுகாப்பு விதிகளை இங்கே சொக்லேட் உறையின் உட்பக்கத்தில்கூட அச்சிடுகிறார்கள். க்விக் லுன்ஷ் வாங்கிப் பிரித்துப் பாருங்கள். நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்று அதில் இருக்கும்.

"ஊரில் சனம் படும் பாட்டை மறந்துவிட்டுப் பழம் பறிக்கிறாயா" என்று உள்பெட்டியில் எழுதியவருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். நான் எதையும் மறக்கவில்லை. மறக்க முடியாதவர்கள்தான் காட்டுக்குப் போகிறோம். 2009 மே மாதம் நாங்கள் எல்லோரும் இந்த நகரத்தின் தெருக்களில் நின்றோம். அதற்குப் பிறகு பல மாதங்கள் எனக்கு நித்திரை இல்லை. தொலைபேசி மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும். மருத்துவர் மருந்து தந்தார், எடுத்தேன். அதோடு நடக்கவும் சொன்னார். நடந்தேன். ஈரப்பாசியின் மேல் கால் வைத்து நடக்கிறபோது, எந்தச் செய்தியும் வராத ஒரு மணித்தியாலம் எனக்குக் கிடைத்தது. அந்த ஒரு மணித்தியாலத்தையும் நான் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்?

அண்ணாவின் பேச்சில் என்னை மிகவும் சுட்டது கடைசிப் பகுதி. "நமது அப்பாக்கள் மீன் வெட்டி, கழிவறை கழுவி உழைத்த நாடு இது, ஊர்சுற்றிப் பார்க்க வந்த நாடு இல்லை" என்றார். என் அப்பா எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடியிலுள்ள ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவர். கிட்டத்தட்ட இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர். இருட்டில் போய் இருட்டில் வருவார். கூட வேலை செய்த நோர்வேக்காரர்கள் கோடையில் மூல்தே என்ற செம்மஞ்சள் காட்டுப்பழம் பறிக்க அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். (வடக்கில் அந்தப் பழத்துக்கு மட்டும் தனி விதி. காணிக்காரர் பறிக்க வேண்டாம் என்று தடுக்கலாம், ஆனால் நின்ற இடத்தில் தின்பதைத் தடுக்க முடியாது.) அப்பா ஒருமுறையும் போகவில்லை. மேலதிக நேர வேலை செய்தால்தான் எங்களை இங்கே எடுக்க முடியும் என்று கணக்குப் போட்டிருந்தார். அவருடைய விரல் மூட்டுகள் இப்போதும் வீங்கித்தான் இருக்கின்றன. தேத்தண்ணீர்க் குடுவையின் மூடியை நான்தான் திறந்து கொடுக்க வேண்டும்.

அந்த உழைப்பைக் காட்டி என்னை வீட்டில் இருக்கச் சொல்லாதீர்கள். அப்பா அப்படிச் சொன்னதே இல்லை. குளிர் ஏறாத நுரைத்தட்டைப் போட்டு ஏரிக்கரையில் அவரை உட்கார வைத்துவிட்டு நான் பறிக்கப் போகிறேன். திரும்பி வரும்போது பக்கத்தில் யாராவது ஒரு நோர்வேக் கிழவர் இருப்பார். இருவரும் பழைய வடக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மொழியை அப்பா தொழிற்சாலையில் கற்றார். அதில் மகிழ்ச்சியாகப் பேசுவதை நான் இந்த ஏரிக்கரையில்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன், முடியவில்லை. கடற்கரைக்குத் தூண்டிலோடு போகும் ஆண்களைப் பற்றி அந்த மேடையில் ஒரு சொல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உதைபந்தாட்டம் பார்க்கிறவர்களைப் பற்றியும் வரவில்லை. வாளியோடு போகும் பெண் மட்டும்தான் வேடிக்கையாகத் தெரிந்தாள். பேச்சு முடிந்து கை கழுவப் போன இடத்தில் ஒரு அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை அப்போ வீட்டில் யார் சமைப்பது?" அவர் நல்லவர். கேலி செய்யவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு அப்போதுதான் கண் கலங்கியது. முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறார். அவர் வீட்டுச் சன்னலில் நின்றால் காடு தெரியும். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை என்றார். போக ஆசை இல்லையா என்று கேட்டேன். "யாரோடு போவது?" என்றார்.

ஆகவே அக்காமாருக்கும் அம்மாமாருக்கும் சொல்கிறேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு க்ரூருட் நிலைய வாசலில் நிற்பேன். தண்ணீர் போகாத சப்பாத்து இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு சோடிக் காலுறை. மேலதிக வாளிகளும் ஒரு பறிப்பானும் என்னிடம் இருக்கின்றன. ஒரு மணிக்கு முன் யாரும் வீடு திரும்ப மாட்டோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். மத்தியானச் சமையலை அன்று வீட்டிலிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.