10 வாட்ஸ் போதுமான வீட்டுக்கு எதற்கு 100 வாட்ஸை தலையில் கட்டுகிறீர்கள்?

என்னிடம் இருந்த 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரில் ஒரு கோளாறும் இல்லை. "இந்த ஸ்பீக்கருக்கு இது பத்தாது, 100 வாட்ஸாவது இருந்தால்தான் பேஸ் (அடித்தொனி) எழும்பும்" என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். விற்றவரும் அதையேதான் சொன்னார். நம்பி வாங்கி வந்து மாட்டினேன். அதே பாட்டை, அதே இடத்தில் உட்கார்ந்து, வழக்கமாக வைக்கும் சத்தத்தில் கேட்டேன். முன்பு கேட்டதுதான் கேட்டது. பேஸ் ஒரு துளிகூட எழும்பவில்லை.

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு வயிறு எரிவது வேறு விஷயத்துக்காக. வாட்ஸ் பேசியவர்களில் ஒருவர்கூட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்ஸுக்கு அது எவ்வளவு சத்தம் எழுப்பும் என்று கேட்கவில்லை. எவ்வளவு தள்ளி உட்காருவீர்கள், எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள் என்றும் கேட்கவில்லை. இந்த மூன்றும் தெரியாமல் வாட்ஸ் சொல்வதற்கும், கால் அளவு கேட்காமல் செருப்பை எடுத்து நீட்டுவதற்கும் என்ன வித்தியாசம்?

வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). வால்யூமை லேசாகத் திருகினால் வரும் வித்தியாசம் அது. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். 50 இருந்த இடத்தில் 500! அதுவும் முழுக்கத் திருகி வைத்தால்தான். ஒரே சத்தத்தில் கேட்கும்போது 50 வாட்ஸ் ஆம்பும் 100 வாட்ஸ் ஆம்பும் ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஒரே அளவு மின்சாரம். ஆம்பின் மேல் போட்டிருக்கும் எண் அதனால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்வது, எந்நேரமும் தள்ளிக்கொண்டே இருக்கும் அளவை அல்ல. இதை யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் நான் ஏன் வாங்கப் போகிறேன்?

கணக்கைப் பாருங்கள். என் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல், மின்தடை 8 ஓம். 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 87 டெசிபல் சத்தம் வரும். நான் உட்காருவது 3 மீட்டர் தள்ளி. அந்தத் தூரத்துக்குச் சுமார் 10 டெசிபல் கழித்து, இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூட்டினால் 80. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இன்னும் கொஞ்சம் கூட்டும், அதை விட்டுவிடுவோம். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் சுமாருக்கு இருக்கும். சராசரி 75 வைத்தாலே வீட்டில் நல்ல சத்தம். அதற்கு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1 வாட்கூட வேண்டாம். மேள அடி மாதிரி திடீரென எழும்பும் இடங்கள் சராசரியைவிட 15 டெசிபல் மேலே போனாலும் 90, அதற்கு 10 வாட்ஸ். 20 டெசிபல் மேலே போனாலும் முப்பது சொச்சம்தான். என் பழைய ஆம்புக்கு அப்போதும் மூச்சு முட்டியிருக்காது.

கணக்கை நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம். நான் அளந்தேன். நான் கேட்கிற உச்ச சத்தத்தில் வால்யூமை வைத்துவிட்டு, ஆம்பை அணைத்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றினேன். (பழைய பாணியில் கண்ணாடிக் குழாய்கள் வைத்த வால்வு ஆம்பில் இதைச் செய்யவே கூடாது, ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் கெட்டுப்போகும்.) மறுபடி போட்டு, பதிவில் சாத்தியமான முழு அளவில் 120 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சீரான ஒலி) ஒன்றை ஓடவிட்டு, ஆம்பின் பின்னால் ஸ்பீக்கர் வயர் மாட்டும் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தேன். 9 வோல்ட். 9ஐ 9ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 10 வாட்ஸ். எந்தப் பாட்டும் அந்த வால்யூமில் அதற்கு மேல் கேட்காது. எனக்கு 100 விற்றிருக்கிறார்கள்!

அப்புறம் கடைகளில் விற்கும் அந்த ஸ்பீக்கர் செட் பெட்டிகள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 வாட்ஸ் பிஎம்பிஓ (கண நேர உச்சம் என்று சொல்லிப் போடும் எண்). பின்பக்க ஸ்டிக்கரில் மின்நுகர்வு 60 வாட்ஸ். சுவரிலிருந்து 60 வாங்குகிற பொருள் தொடர்ந்து 1000 எங்கிருந்து கொடுக்கும்? இந்தப் பித்தலாட்டம் இன்று நேற்றையது இல்லை. அமெரிக்காவில் 1974லேயே ஆம்ப்ளிஃபயர் வாட்ஸை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று விதி போட்டார்கள். எத்தனை ஓமில், எத்தனை சேனல் ஓடும்போது, எவ்வளவு ஒலிச் சிதைவோடு என்று சொல்லாத வாட்ஸுக்கு அர்த்தமே இல்லை.

எல்லோருக்கும் 10 வாட்ஸ் போதும் என்று நான் சொல்லவில்லை. 82 டெசிபல் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு பெரிய ஹாலில் 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்து அதிர அதிரக் கேட்பவருக்கு 200 வாட்ஸ்கூட நியாயம்தான். 4 ஓமுக்குக் கீழே இறங்கும் ஸ்பீக்கருக்கு கரண்டைத் தாராளமாகக் கொடுக்கும் ஆம்ப் வேண்டும். அதற்குத்தான் சொல்கிறேன், முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள்.

"சின்ன ஆம்ப் ட்வீட்டரை (கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரை) கருக்கிவிடும்" என்ற பயமுறுத்தல் வேறு. சக்திக்கு மீறி முறுக்கி, ஒலி உடைந்து கரகரக்கும்போதும் விடாமல் ஓட்டினால் கருகும். அளவாகக் கேட்பவருக்கு 20 வாட்ஸ் ஆம்பால் ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லித்தான் என்னைப் பயமுறுத்தினார்கள். வால்யூம் குமிழ் பாதியைத் தாண்டிவிட்டது, ஆம்ப் திணறுகிறது என்றும் சொன்னார்கள். குமிழ் எங்கே நிற்கிறது என்பதை வைத்து வாட்ஸ் கணக்குப் போடவே முடியாது, உள்ளே வரும் சிக்னல் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும்.

பழைய ஆம்பை மறுபடி மாட்டிவிட்டேன். புதியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். பழுது இருந்தால்தான் எடுப்பார்களாம்.