மியூனிக் மாநாட்டுக்குப் புதுச்சேரியில் விசாவா?

"ஷெங்கன் விசா (ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட ஐரோப்பாவின் பல நாடுகளுக்கான பொது விசா) எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான்; மியூனிக் மாநாட்டுக்கும் நம்ம புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரகம் வழியாகவே வாங்கிவிடலாம், அழைப்புக் கடிதம் போதும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இதை நம்பி யாரும் பணம் கட்டிவிடாதீர்கள்.

விசா கையில் வந்த பிறகு சுற்றுவதற்குத்தான் எல்லா நாடும் ஒன்று. விண்ணப்பம், முக்கியமாக எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டிடம்தான். மியூனிக்கில் நான்கு நாள் மாநாடு, பாரிஸில் இரண்டு நாள் ஊர்சுற்றல் என்றால் அது ஜெர்மனி விண்ணப்பம். விமானம் பாரிஸில் இறங்கினாலும் அப்படித்தான். முதலில் நுழையும் நாடு என்ற கணக்கெல்லாம், எது முக்கியம் என்று பிரிக்க முடியாதபோது மட்டும்.

அழைப்புக் கடிதம் பயணக் காரணத்தைக் காட்டும், அவ்வளவே. அதை நிதானமாகப் படியுங்கள். 'பதிவுக் கட்டணம் தள்ளுபடி' என்று மட்டும் இருந்தால், டிக்கெட்டுக்கும் அறைக்கும் யார் பணம் என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஃபெலோஷிப் சான்று, வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் அதற்குத்தான். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

அப்புறம், முடிவு சொல்ல 15 நாள் என்பது வழக்கமான கெடு. 45 நாள் வரை இழுக்கலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரை ஏற்கப்பட்டது என்ற மெயில் வந்ததுமே ஆரம்பித்துவிடுங்கள்.