கீச்சுக்குரல் வேண்டாமே
இளையோர் நாவல்களை ஒலிப்புத்தகமாக வாசிப்பவரின் குரல் இளமையாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இவ்வகை நாவல்களில் பெரும்பாலும் பதின்வயதுப் பெண்ணோ பையனோதான் கதை சொல்வார்கள். அதற்காகக் குரலைக் கீச்சென்று ஆக்கினால் பத்து நிமிடத்தில் காது வலிக்கும். பேசும் வேகமும் தயக்கமும்தான் வயதைக் காட்டும்.

அப்புறம், வாசிப்பவரின் வருமானம். அமெரிக்காவில் பொதுவாக முடிந்த ஒலிப்பதிவின் மணிக்கணக்கில்தான் கூலி. முன்கூட்டிப் படிப்பது, பாத்திரங்களின் குரலுக்குக் குறிப்பெடுப்பது, பிழையான இடங்களை மறுபடி பதிவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு மணி நேர ஒலிக்கு ஸ்டுடியோவில் இரண்டு மணியாவது போய்விடும். சிறந்த சிறுவர், இளையோர் ஒலிப்புத்தகத்துக்கு அமெரிக்க நூலகச் சங்கம் 2008 முதல் தரும் ஒடிஸி விருதும் தயாரிப்பாளருக்குத்தான். வாசித்தவருக்கும் சேர்த்துக் கொடுத்தால் என்னவாம்?