செவ்வாய்க்கிழமை போங்க, கூட்டமே இருக்காது!

இப்பதான் பாத்தேன். இவரு ஸ்டேட்டஸ் போட்டிருக்காரு. பாரிஸ்ல லூவர் மியூசியத்து கண்ணாடிப் பிரமிடு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் பல்ல காட்டிட்டு நிக்கிற போட்டோ. கீழ என்ன எழுதியிருக்காரு தெரியுமா, "பாரிஸ் போறவங்களுக்கு ஒரு டிப். லூவருக்கு செவ்வாய்க்கிழமை போங்க, கூட்டமே இருக்காது". கண்ணடிக்கிற பொம்மை வேற. எங்க சித்தப்பா அதுக்கு "அருமையான தகவல் மாப்ள"ன்னு பதில் போட்டிருக்காரு. பாவம் அந்த மனுஷன், ரிடையர் ஆன காசுல சித்தியக் கூட்டிக்கிட்டு ஒரு செவ்வாய்க்கிழமையாப் பாத்து போய் நிக்கப் போறாரு.

கூட்டம் எப்படிய்யா இருக்கும்? செவ்வாய்க்கிழமை லூவருக்கு லீவு! வாராவாரம் லீவு! பூட்டின வீட்டு வாசல்ல நின்னு போட்டோ எடுத்துட்டு வந்து ஊருக்கே டிப் குடுக்கற தைரியம் இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு, அந்த ஆளு இப்ப உள்ள ஃபேனைப் போட்டுக்கிட்டு தூங்கறாரு.

ஊருக்கு வந்து மூணு நாளாச்சு, கோவம் அடங்கிடுச்சுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். பெட்டி இன்னும் ஹால்லயே கெடக்கு, அதுல ஒண்ணுக்கு மூணு வீல்தான். அதைத் தாண்டித் தாண்டி நடக்கும்போதெல்லாம் மனசுக்குள்ள ஏதோ சொல்லிக்குவேன், அதோட விட்டுடுவேன். இந்த ஸ்டேட்டஸ் வந்தப்புறம் முடியல. சொல்லிடறேன்.

டூர்ல கடைசி நாள்னு ஒண்ணு சொல்றாங்களே, அப்படி ஒரு நாளே கிடையாதுங்க. அஞ்சு நாள் டூருன்னா நாலு நாள்தான். பத்து மணிக்கு ரூமைக் காலி பண்ணணும், ஃப்ளைட்டு ராத்திரி ஒன்பதே முக்கால். நடுவுல இருக்கற அத்தனை மணி நேரமும் நீங்க டூரிஸ்ட்டும் இல்ல, வீட்டுக்குப் போறவங்களும் இல்ல, ரெண்டு பெட்டிக்கு வாட்ச்மேன்.

நாங்க தங்கினது ஹோட்டல் இல்ல, அபார்ட்மென்ட். "லோக்கல் ஆளு மாதிரி வாழலாம்"னு இவரு புக் பண்ணாரு. லோக்கல் ஆளு நாலு மாடி லிஃப்ட் இல்லாம ஏறுவான், அது நெஜம்தான். மரப் படிக்கட்டு, சுத்திச் சுத்திப் போகும், எதிர்ல ஒருத்தர் வந்தா ரெண்டு பேரும் சொந்தக்காரங்க ஆனாத்தான் தாண்டிப் போக முடியும். பெட்டியை சாயந்தரம் வரைக்கும் வெச்சுட்டுப் போலாமான்னு ஓனர் அம்மாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மெசேஜ் போட்டேன். பதிலுக்கு ஒரு ஹார்ட் வந்துச்சு. ஹார்ட்டுன்னா சரிதானே? நீங்களும் அப்படித்தானே நெனப்பீங்க? அன்னிக்குக் காலைல ஒன்பதே முக்காலுக்கு இன்னொரு மெசேஜ், கிளீன் பண்ற ஆளு பத்து மணிக்கு வந்துடுவாங்க, கதவைத் திறக்கற நம்பர் பத்து மணிக்கு மாறிடும், உங்களைப் பத்தி நல்ல ரிவ்யூ போட்டுட்டோம் நீங்களும் மறக்காம போடுங்கன்னு. அதுலயும் ஒரு ஹார்ட்டு.

லாக்கர் இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சுங்க. தெருமுனைக் கடையிலயே பெட்டி வெச்சுப் பாத்துக்கறாங்க, ரெண்டுக்கும் சேத்து பன்னெண்டு யூரோ. ஆனா நம்ம ஆளு அந்த ஊர்ல கால் வெச்ச நிமிஷத்துல இருந்து எல்லாத்தையும் நூறால பெருக்கற மெஷினு. "ஆயிரத்து இருநூறு ரூபாயா, பெட்டி சும்மா உக்காந்திருக்கறதுக்கா? வீல் வெச்ச பெட்டிதானம்மா, உருட்டிட்டே போயிடலாம்." இந்த வாக்கியத்த ஞாபகம் வெச்சுக்கோங்க. வீல் வெச்ச பெட்டி.

இவரு போட்ட எக்செல் ஷீட்டைப் பத்தி சொல்லியே ஆகணும். கலர் கலரா இருக்கும். எந்த இடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிஷம் நடக்கணும், எங்க பாத்ரூம், எல்லாம் இருக்கும். தேதி கூட இருந்துச்சு. கிழமை மட்டும் இல்ல.

கடைசி நாளுக்கு முந்தின நாள் திங்கக்கிழமை ஓர்சே மியூசியம் போனோம். வான்கோ படம் எல்லாம் இருக்கற இடம். மூடியிருந்துச்சு, திங்கக்கிழமை ஓர்சேக்கு லீவாம். சரி போகட்டும், ஒரு தப்பு யாருக்கும் நடக்கும், நான் ஒண்ணுமே சொல்லல, ஒரு பார்வை மட்டும்தான் பாத்தேன். அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது மெதுவா கேட்டேன், ஏங்க, நாளைக்கு லூவர் திறந்திருக்குமான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன்னு. அதுக்கு வந்த பதிலை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். "நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது, இன்னிக்கு ஓர்சே லீவு. அப்ப நாளைக்கு லூவர் கண்டிப்பா திறந்திருக்கும். ஒரே ஊர்ல ரெண்டு நாள் லீவு விடுவாங்களா?" இஞ்சினியரிங் படிச்ச மனுஷன்.

இப்ப பெட்டியோட மெட்ரோ. அந்த ஊரு மெட்ரோ 1900லயே ஓட ஆரம்பிச்சது, படிக்கட்டும் அப்ப கட்டினதுதான் போல. எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கற லைன்னா 14ஆம் நம்பர் லைன்தான், நாங்க போனது அது இல்ல, நடுவுல ஒரு தடவை மாறவும் வேண்டியிருந்துச்சு. இறங்கு, ஏறு, நட, திரும்ப இறங்கு. டிக்கெட் கேட் ஒரு ஆள் போற அகலம், பெட்டி அந்தப் பக்கம் போயிடுச்சு, நான் இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன், பின்னாடி பத்து பேரு. இவரு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு "வா வா"ன்னு கையைக் காட்டறாரு, ஏதோ நான் விருப்பப்பட்டு அங்க நிக்கற மாதிரி.

மேல வந்தோம். பிரமிடு தெரிஞ்சுது. அந்த முற்றம் முழுக்க கருங்கல்லு பாவின தரை, அதுல இருபத்தி மூணு கிலோ பெட்டியை இழுத்தா எப்படி சத்தம் வரும்னு நெனைக்கறீங்க, தேர் வர்ற மாதிரி வந்துச்சு. பாதி தூரத்துல டக்குனு ஒரு சத்தம். வீல் ஒண்ணு கழண்டு உருண்டு ஒரு ஜப்பான்காரப் பாட்டி காலடியில போய் நின்னுச்சு. அந்தம்மா ரெண்டு கையாலயும் எடுத்து பிரசாதம் மாதிரி என் கையில குடுத்தாங்க. நானும் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

இவரு அதெல்லாம் கவனிக்கல. சந்தோஷமா இருக்காரு. "பாத்தியா, க்யூவே இல்ல, காலைல சீக்கிரம் வந்ததோட பலன்"ங்கறாரு. எனக்கு அப்பவே வயித்தக் கலக்கிடுச்சு. உலகத்துலயே அதிகம் பேர் வர்ற மியூசியம்ங்க, க்யூ இல்லன்னா என்ன அர்த்தம்? பந்தல் போட்ட கல்யாண வீட்ல பந்தில யாரும் இல்லன்னா, ஓடிப் போய் உக்காரலாம்னு தோணுமா, ஏதோ ஆகிப்போச்சுன்னு தோணுமா? அங்க நின்ன செக்யூரிட்டி இவரு கிட்டப் போறதுக்கு முன்னாடியே கையை ஆட்டிட்டாரு. "மார்தி, ஃபெர்மே." செவ்வாய், மூடியிருக்கு. அஞ்சு நாள்ல நான் கத்துக்கிட்ட ஃப்ரெஞ்சு இவ்வளவுதான்.

சரி, ஒரு சாரி சொல்வாரா? போனை எடுத்தாரு. "இந்த பிரமிடு 1989ல திறந்தது தெரியுமா, மொத்தம் 673 கண்ணாடி, 21 மீட்டருக்கு மேல உயரம்"னு படிச்சுக் காட்டறாரு. கதவு எத்தனைன்னு போட்டிருக்கான்னு கேட்டேன். "ஏம்மா இப்படி எடக்கா பேசற, வா ஒரு போட்டோ எடுத்துக்கலாம்"னுட்டாரு. அதே ஜப்பான்காரப் பாட்டிதான் எடுத்தாங்க. பெட்டி ரெண்டும் ஃப்ரேம்ல வரக் கூடாதுன்னு தள்ளி வெச்சுட்டு வேற வந்தாரு. அந்த ஸ்டேட்டஸ் போட்டோவை உத்துப் பாருங்க, என் வலது கை முதுகுக்குப் பின்னாடி இருக்கும். வெக்கம்னு எங்க நாத்தனார் கமென்ட் போட்டிருக்கா. வெக்கம் இல்லடி, கையில வீலு.

இதுல ஒரு விஷயம் அப்புறம் ஏர்போர்ட்ல உக்காந்து படிச்சேன், படிச்சதும் இன்னும் எரிஞ்சுது. 1911ல மோனாலிசாவைத் திருடினானே பெருஜ்ஜான்னு ஒருத்தன், அவன் தூக்கினது ஆகஸ்ட் 21, திங்கக்கிழமை. அப்பல்லாம் லூவருக்கு திங்கக்கிழமைதான் லீவாம். அவன் லீவு நாளைச் சரியாப் பாத்து போயிருக்கான்! ஒரு திருடன் கிழமை பாத்திருக்கான்யா! படம் காணாமப் போச்சுன்னு அவங்க கண்டுபிடிச்சது மறுநாள், செவ்வாய்க்கிழமை. ஆக, இவரு பிளான் சரியாத்தான் இருந்திருக்கு, நூறு வருஷத்துக்கு மேல லேட்டு, அவ்வளவுதான். படம் போனப்புறம் அந்த வெறும் சுவத்தைப் பாக்கறதுக்கே ஜனங்க க்யூல நின்னாங்களாம். எங்களுக்கு அந்தச் சுவர் கூட கெடைக்கல.

இதோட விட்டாரா? "பரவால்ல, பக்கத்துலதான் ஓராஞ்சரி, மோனேவோட அல்லிக்குளம் படமெல்லாம் இருக்கு, ரெண்டு முட்டை வடிவ ரூம்ல சுத்தி மாட்டி வெச்சிருக்காங்க, அங்க போயிடலாம்"னாரு. எவ்வளவு தூரம்? நேரா நடந்தா ஒரு கிலோமீட்டர், தோட்டத்துக்கு நடுவுலயே. துய்லரி தோட்டம். பேருக்குத் தோட்டம், நடக்கற பாதை முழுக்க வெள்ளை வெளேர்னு மணலும் பொடிக்கல்லும். அதுல மூணு வீல் பெட்டியை இழுத்துப் பாத்திருக்கீங்களா? பெட்டி உருளாது, உழும். திரும்பிப் பாத்தா பின்னாடி ரெண்டு சால் ஓட்டின மாதிரி கோடு, விதை போட்டா மொளைச்சிருக்கும். பாதி வழில அங்க கெடந்த பச்சை இரும்பு நாற்காலில உக்காந்துட்டேன், நான் வரல நீங்க போங்கன்னேன். அப்ப சொன்னாரு, "இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா, இது கண்டிப்பா திறந்திருக்கும்".

ஓராஞ்சரிக்கு என்ன கிழமை லீவுன்னு சொல்லணுமா?

சொல்றேன். செவ்வாய்.

நான் கத்தல. அந்த வாசல்ல ஒரு கொரியா ஜோடி, அவங்களும் ரெண்டு பெட்டியோட, அந்தப் பையனும் போனைத் தடவிக்கிட்டு ஏதோ சமாதானம் சொல்லிட்டு இருந்தான். அந்தப் பொண்ணும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். பாஷையே தேவைப்படல.

அப்புறம் நான்தான் சொன்னேன், திங்கக்கிழமை லீவு விட்ட ஓர்சே இன்னிக்கு திறந்திருக்குமேன்னு. ஆத்தங்கரைக்கு அந்தப் பக்கம்தான். மரப்பலகை போட்ட நடைபாலம், கடகடகடன்னு அதுல ஒரு தேரோட்டம். போனோம், திறந்திருந்துச்சு! மனுஷங்க உள்ள போறாங்க! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. செக்யூரிட்டி பெட்டியைப் பாத்தாரு. தலையை ஆட்டினாரு. பெரிய பெட்டிக்கு அனுமதி கிடையாது.

அந்தக் கட்டடம் என்னவா இருந்துச்சு தெரியுமா? ரயில்வே ஸ்டேஷன்! 1900ல ரயில்வே ஸ்டேஷனா கட்டினது, 1986லதான் மியூசியம் ஆச்சு. பெட்டி தூக்கிட்டு வர்றவங்களுக்குன்னே கட்டின கட்டடத்துல பெட்டியோட உள்ள போக முடியாத ஜோடி நாங்கதான்.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். இவரு "நீ உள்ள போய் பாத்துட்டு வா, நான் பெட்டியைப் பாத்துக்கறேன், அப்புறம் நான் போறேன்"னு சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன். ஏன்னு கேக்காதீங்க, வீம்புதான். வான்கோவைத் தனியாப் பாக்கணும்னா நான் தனியாவே வந்திருப்பேனே. வாசல்லயே உக்காந்தோம். அங்க ஒரு காண்டாமிருகம் சிலை, ஒரு குதிரை, அப்புறம் பொறில கால் மாட்டிக்கிட்டு தும்பிக்கையத் தூக்கிக் கத்தற ஒரு யானைக்குட்டி. அந்த யானைக்குட்டியை ஒரு மணி நேரம் பாத்துட்டு இருந்தேன். எங்க கடைசி நாள் ஆர்ட் கேலரி அதான்.

பசி. ரயிலப் புடிச்சு கார் து நோர்ங்கற ஸ்டேஷனுக்கு வந்து லா ஷப்பேல் பக்கம் நடந்தோம், அது நம்ம ஈழத்துச் சனம் கடை வெச்சிருக்கற ஏரியா, போர்டெல்லாம் தமிழ்ல. ஒரு சின்னக் கடையில இடியப்பமும் சொதியும் வந்து எறங்குச்சு, அஞ்சு நாள்ல மொத தடவை வயிறு நெறஞ்சுது. கடைக்கார அண்ணன் எங்க பெட்டியைப் பாத்தாரு, வெள்ளை மண் அப்பின என் செருப்பைப் பாத்தாரு. "என்ன தங்கச்சி, பெட்டியளோடயே ஊர் சுத்தினனீங்களோ? காலமை இஞ்ச கொண்டு வந்து வச்சிட்டுப் போயிருக்கலாமே, காசும் வேண்டாம், ஆர் எடுக்கப் போகினம்"னாரு.

நான் மெதுவா இவரைத் திரும்பிப் பாத்தேன். இவரு மெதுவா சொதிக்குள்ள குனிஞ்சாரு. அப்புறம் அந்த எக்செல்லைத் திறந்து பாத்தா லா ஷப்பேல் அதுல இருக்கு! "டைம் இருந்தா"ன்னு ஒரு தனி வரிசைல, பச்சைக் கலர் அடிச்சு. அதுலதான் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, அடக்க முடியல, அந்த அண்ணன் தண்ணி கொண்டு வந்து வெச்சாரு, இவரும் சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு, ரெண்டு பேரும் கண்ணத் தொடச்சிக்கிட்டே மூணு வீல் பெட்டியைத் தூக்கிட்டு ஏர்போர்ட் ரயிலுக்கு ஓடினோம்.

இவ்வளவும் சொல்லிட்டேன், இப்ப சித்தப்பாவுக்கு போன் பண்ணி செவ்வாய்க்கிழமை போகாதீங்கன்னு சொல்லணும். சொன்னா இவரு மானம் போகும். சொல்லலன்னா சித்தி என்னைத்தான் திட்டுவாங்க.

இதுல இன்னொண்ணு. ஊருக்குப் போகும்போது கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்துங்கன்னு எதிர் வீட்டு அக்காகிட்ட சாவி குடுத்துட்டுப் போனேன். செடி காஞ்சு சருகாகி நிக்குது. அதைக் கூட விடுங்க. என் மிக்ஸில சட்னி ஜாரைக் காணோம். மூணு நாளா தேடறேன். காலைல கேட்கலாம்னு போனா, கதவத் திறந்ததும் "பாரிஸ் சூப்பராமே, ஸ்டேட்டஸ் பாத்தேன்"ங்கறாங்க, உள்ள கிச்சன்ல ஜாரு சுத்தற சத்தம் கேக்குது.