சாய்தளத்துக்குப் பதிலாக மடிக்கணினி

இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் வலுவிழந்த நான், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று கணக்கு வேலை பார்த்த ஆண்டுகளில், வேலையால் களைத்ததைவிடப் பயணத்தால் களைத்ததே அதிகம். இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம்தான்; ஆனால் காலிப்பர் என்னும் தாங்குசட்டம் மாட்டிய காலை உயரமான படியில் தூக்கி வைப்பதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிடுவார். 2020 பொதுமுடக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது நான் அடைந்த நிம்மதி கொஞ்சநஞ்சமன்று.

பார்வையற்ற என் நண்பர் ஒருவர், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளான என்விடிஏவின் துணையோடு வீட்டிலிருந்து வேலை செய்கிறார். பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் உருவாக்கிய அந்த மென்பொருள் அவருக்கு ஒரு வாழ்வையே கொடுத்திருக்கிறது. ஆயினும் நிறுவனத்தின் வருகைப் பதிவுப் பக்கம், அந்த மென்பொருளால் வாசிக்க முடியாதபடி படத்தில் நெளியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொல்வதால், தினமும் காலையில் அவருடைய அம்மா அருகில் வந்து அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை மாற்ற ஒரு நாள் வேலைகூட ஆகாது என்றே நினைக்கிறேன்.

'டேட்டா என்ட்ரி' வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களிடம் நம்மில் பலர் ஏமாறுகிறார்கள். வேலை கொடுப்பவர் பணம் கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையவழி மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மின்சாரமும் இணையமும் இல்லாத நாள்களுக்கு எனக்குச் சம்பளம் பிடித்தார்கள் என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டுவது வேறொன்று. அலுவலகம் மீண்டும் திறந்ததும், பயிற்சியும் பதவி உயர்வுப் பேச்சும் அங்கேதான் நடக்கின்றன என்பதால், வாரம் இரண்டு நாளாவது வருகிறேன் என்று கேட்டேன். "உங்களுக்குத்தான் வீட்டிலேயே சௌகரியமாக இருக்கிறதே" என்றார்கள். வாசலில் உள்ள மூன்று படிகளுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டித் தருவதாக முன்பு ஒப்புக்கொண்டிருந்தவர்கள், அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வீட்டிலிருந்து வேலை என்பது நாம் விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டியது. அதைக் காட்டி அலுவலக வாசலை நமக்கு அடைப்பது அநீதி.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும், மாற்றுத்திறனாளிகளுக்காக என்னென்ன செய்யப்போகிறது என்பதைக் கூறும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையின் பிரதியை எழுத்துமூலம் கேட்டுச் சென்ற வாரம் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் தங்கள் நிறுவனத்திலும் கேளுங்கள்.