கதை எழுதாதீர்கள் என்றார்கள்

வியாழக்கிழமை அலுவலகக் கூட்டத்தில் என் ஆறு பக்க அறிக்கையைத் திருப்பித் தந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அன்று இரவே கோபத்தில் நாலு வரி எழுதி, விடிந்ததும் நீக்கியும் விட்டேன். படித்தவர்கள் படித்திருப்பீர்கள். யார், என்ன, எப்படி என்று மறுபடியும் ஆரம்பிக்கப் போவதில்லை. அங்கே கேட்ட ஒரு வாக்கியம் மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது: “இரண்டு நாள் கடற்கரைக் காற்று வாங்கிவிட்டு வந்து கதை எழுதித் தந்திருக்கிறீர்கள். ஐந்து புள்ளிகளில் சுருக்கித் தாருங்கள்.”

காற்றுதான் வாங்கினேன். அந்த அறிக்கையே காற்றைப் பற்றியதுதான்.

எங்கள் அலுவலகம் மீனவர்களின் கைபேசிக்கு வானிலை எச்சரிக்கைக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. அனுப்பியதில் எத்தனை ‘சென்றடைந்தது’ என்று கணினித் திரையில் பச்சையாகக் காட்டும். திரை முழுக்கப் பச்சை. ஆனால் செய்தியை யாரும் சட்டை செய்வதாகத் தெரியவில்லை. ஏன் என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னை நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்கு அனுப்பினார்கள். இரவு பஸ், இரண்டு பகல், மறுபடி இரவு பஸ். அவ்வளவுதான் என் ‘சுற்றுலா’.

முதல் நாள் காலை, துறைமுகத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். எங்கள் குறுஞ்செய்தி ஒன்றை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும், கடலுக்குச் செல்ல வேண்டாம். ஊசியை நிறுத்தாமலேயே கேட்டார்: “எந்தக் காற்று?”

“45 முதல் 55 ஐயா.”

“அது வேகம் பாப்பா. எந்தக் காற்று?”

வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கே என்றால் சோழகம், மேற்கே என்றால் கச்சான். ஏதோ ஒரு வகுப்பில் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த அன்றே மறந்தவள் நான். அந்த ஊரில் அது மனப்பாடப் பகுதி இல்லை. கொண்டல் அடிக்கும்போது இயந்திரம் நின்றுபோனால், அலைக்கழித்தாலும் படகைக் கரைப்பக்கம்தான் தள்ளும். கச்சான் அடித்தால் உள்கடலுக்குக் கொண்டுபோய்விடும். அதே 45 கிலோமீட்டர்தான். ஒன்றில் வீட்டுக்கு வரலாம், இன்னொன்றில் வராமலே போகலாம். இடத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று நாங்கள் வெட்டி எறிந்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

பிறகு தானாகவே ஒரு கதை சொன்னார். கச்சானில் மாட்டிய கதை. சோற்றில் உப்பில்லை என்று படகில் இருவர் சண்டை போட்டதில் ஆரம்பித்தார். சண்டையின் நடுவே இயந்திரம் நின்றது. நங்கூரம் போட்டார்கள். கயிறு போய்க்கொண்டே இருந்தது. “முழுக் கயிறையும் விட்டும் தரை தட்டவில்லை பாப்பா. அப்போதுதான் சண்டை நின்றது.” கரை எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதை அவர் கிலோமீட்டரில் சொல்லவில்லை. தரை தட்டாத கயிற்றில் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இத்தனை வருடம் 45, 55 என்று தட்டச்சு செய்திருக்கிறேன். ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

சொல்வது வேறு, போய்ச் சேர்வது வேறு. ஆறு பக்கத்தில் நான் எழுதியது இதைத்தான். திருப்பி அனுப்பப்பட்டதும் இதுதான்.

இரண்டாம் நாள் மீன் விற்கும் அக்கா ஒருவர் எங்கள் பச்சைத் திரைக்கும் விடை சொன்னார். தண்ணீர் பட்டுக் கெட்டுவிடும் என்று வீட்டுக்காரர் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாராம். எடுத்துப் போகிறவர்களுக்கும் கொஞ்ச தூரம் தாண்டினால் சிக்னல் கிடையாது. எச்சரிக்கை வருகிறது, அடுப்பங்கரையில் சார்ஜில் கிடக்கும் கைபேசிக்கு. அக்கா அதைப் படித்துவிட்டு வாசலில் நிற்கிறார். எங்கள் திரையில் அதுவும் பச்சை.

இதை எந்தப் புள்ளியில் சுருக்குவது? ‘பயனாளர்களிடம் கைபேசிப் பயன்பாட்டு விழிப்புணர்வு குறைவு.’ இப்படித்தான் சுருங்கும். ஒரே வரியில் பழி அந்த அக்கா தலைக்குப் போய்விடும்.

எங்கள் அப்பா தபால்காரர். தந்தியும் அவர்தான் கொண்டுபோவார். அந்தக் காலத்தில் தந்தி என்றாலே சாவுச் செய்திதான். ‘பாதர் எக்ஸ்பயர்ட், ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை வருகிறதே என்று ஒரு வீட்டில் தந்தியைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்து வந்துவிட்டார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மடிப்புக் கலையாமல் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார் வரட்டும் என்று சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். கடைசிப் பஸ் போன பிறகுதான் செய்தி என்ன என்று தெரிந்தது. தபால் அலுவலகப் பதிவேட்டில் அது காலையிலேயே பட்டுவாடா ஆகிவிட்ட தந்தி. அதற்குப் பிறகு அப்பா எந்த வீட்டிலும் தந்தியை நீட்டியதில்லை. முதலில் தண்ணீர் கேட்பார். உட்காருவார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். பிறகுதான் படிப்பார். 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது எல்லோரும் உருகி உருகி எழுதினார்கள். அப்பா மட்டும் “நல்லதாய்ப் போயிற்று” என்றார்.

சரி, நீங்கள் கேட்கப்போவது தெரியும். இரண்டு நாளில் என்ன தெரிந்துவிடும்? நியாயமான கேள்வி. கடலைத் தெரிந்துகொண்டேன் என்று நான் சொல்லவே இல்லை. ஒரு ஊரில் ஏழெட்டுப் பேரிடம் பேசினேன், அவ்வளவுதான். என் ஆறு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் தேவையில்லாததுதான். பஸ் பயணத்தைப் பற்றியெல்லாம் எழுதியிருக்க வேண்டாம். ஆனால் பத்து வருடமாக அந்த ஊருக்கே போகாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே.

அதிகாரிகளுக்கு நேரமில்லை, சுருக்கமாகத்தானே கேட்பார்கள்? நேரமில்லையா! அதே வியாழக்கிழமை மதியம், வெளியூரிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர் ‘கதை சொல்லும் கலை’ என்று மூன்று மணி நேரம் படம் காட்டினார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்குப் பின் வரிசை. கதை வேண்டுமாம், மீன் வாடை மட்டும் கூடாதாம்.

இது வெறும் ரோஷமாக உங்களுக்குத் தோன்றினால் 2017ஐ நினைத்துப் பாருங்கள். நவம்பர் 30 அன்று ஓகி புயலாக மாறியபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே நாட்கணக்கில் நடுக்கடலில் இருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கு எப்படிக் கேட்கும்? மாறாக, 2004 சுனாமி அன்று புதுச்சேரி நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய தகவல் மையத்தில், தினமும் கடல்நிலை சொல்கிற ஒலிபெருக்கி இருந்தது. அதில் கத்தினார்கள், ஊர் தப்பியது. தெரிந்த குரல், பழகிய ஒலிபெருக்கி. பச்சைத் திரை எதுவும் இல்லை.

துறைமுகங்களில் ஏற்றுகிற புயல் கூண்டுகளில் 11ஆம் எண்தான் கடைசி. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் போலிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். எங்கள் அலுவலக வாசலில் ஒன்று ஏற்றலாம் என்றிருக்கிறேன்.

சனிக்கிழமை அந்த ஐந்து புள்ளிகளையும் எழுதிக் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது, மாதச் சம்பளக்காரி. கச்சான் என்ற சொல்லை இரண்டாம் புள்ளியில் அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தேன். இறுதி வடிவத்தில் அதையும் காணவில்லை.

நேற்று சாயங்காலம் பெரியவர் கூப்பிட்டார். என் கைபேசி எண்ணை அவர் வாங்கி வைத்திருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. “எழுதிக் கொடுத்துவிட்டாயா பாப்பா?” என்றார். கொடுத்துவிட்டேன் ஐயா என்றேன். “படித்தார்களா?” என்று கேட்டார்.

சிக்னல் சரியில்லை, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.